ஆடாத புரொஜெக்டர்: பட்டறை ஸ்கேனர் குறித்து வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், ஒரு பழைய புரொஜெக்டரையும் ஒரு கேமராவையும் கொண்டு மரச்சிற்பங்களை முப்பரிமாணத்தில் அளந்து கணினியில் பதிவு செய்யும் முறையைச் சுருக்கமாக எழுதியிருந்தோம். பொருளின் மேல் கருப்பு வெள்ளைக் கோடுகளை வீழ்த்தி, அவை மேடுபள்ளங்களில் எப்படி வளைகின்றன என்பதைப் படமெடுத்து, அந்த வளைவிலிருந்து உருவத்தைக் கணக்கிடும் முறை அது. ஸ்ட்ரக்சர்டு லைட் ஸ்கேனிங் என்பது அதன் பெயர். மென்பொருளைப் பற்றித்தான் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை புரொஜெக்டரைப் பொருத்துவதைப் பற்றியே இருந்தன, அவற்றுள்ளும் பல கேரள எல்லையை ஒட்டிய ஊர்களிலிருந்து வந்தவை.

தக்கலை வாசகர்: எங்கள் குடும்பம் மூன்று தலைமுறைகளாகத் தேருக்கும் சப்பரத்துக்கும் மரவேலை செய்துவருகிறது. பழுதுபட்ட போதிகைகளையும் யாளிகளையும் புதிதாகச் செதுக்குவதற்கு முன் பழையவற்றை அளந்து வைத்துக்கொள்ள விரும்பி, நீங்கள் எழுதிய முறையைச் செய்து பார்த்தேன். புரொஜெக்டரை மேசைமேல் பிளைவுட் துண்டுகளை அடுக்கி அதன்மேல் வைத்தேன். கேமரா, போட்டோக்காரர்கள் வைத்திருக்கும் முக்காலியில் நின்றது. காலையில் கேலிபிரேஷன், அதாவது கருவியின் அளவுகளைக் கண்டறிந்து பதிவு செய்யும் வேலை, செய்தபோது எல்லாம் சரியாக இருந்தது. பிற்பகலில் எடுத்த யாளி முகம் சற்றே முறுக்கிக்கொண்டது. முன்பக்கத்தையும் பக்கவாட்டையும் இணைத்தால் 3 மி.மீ. பொருந்தவில்லை. சினிமா பார்ப்பதற்கு மாட்டுவதுபோல் புரொஜெக்டரைக் கூரையில் தொங்கவிட்டால் சரியாகுமா? தலைகீழாக மாட்டினால் கணக்கு கெட்டுவிடுமா? கேமராவிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும்?

பதில்: அந்த 3 மி.மீ. பிசகு நேர்ந்த இடம் மென்பொருளன்று, பிளைவுட் அடுக்கு. இந்த முறையில் புரொஜெக்டர் ஒரு விளக்காக வேலை செய்வதில்லை. கேமராவைத் திருப்பிப் போட்டதுபோன்ற ஓர் அளவுகருவி அது. கேமராவுக்குள் ஒளி நுழையும். புரொஜெக்டரிலிருந்து ஒளி வெளியேறும். மற்றபடி இரண்டுக்கும் கணக்கு ஒன்றே. புரொஜெக்டரின் ஒவ்வொரு நெடுவரிசைப் புள்ளிகளும் ஒரு தகடுபோல் விரிந்து செல்லும் ஒளித்தளம் என்றும், கேமராவின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு நேர்க்கோடு என்றும் வைத்துக்கொண்டு, அந்தத் தளமும் இந்தக் கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தையே கணினி பொருளின் மேற்பரப்பு என்று எழுதிக்கொள்கிறது. முக்கோணத்தின் ஒரு முனை புரொஜெக்டர், இன்னொரு முனை கேமரா, மூன்றாவது முனை யாளியின் மூக்கு. முதல் இரண்டு முனைகளுக்கு இடையே உள்ள தூரத்தையும் கோணத்தையும் கேலிபிரேஷன் ஒருமுறை கண்டறிந்து எழுதி வைக்கிறது. அதற்குப் பிறகு புரொஜெக்டர் எவ்வளவு நகர்ந்தாலும் மென்பொருளுக்குத் தெரியாது. பழைய எண்களையே நம்பிக்கொண்டிருக்கும்.

எவ்வளவு நகர்ந்தால் எவ்வளவு கெடும் என்று ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. பொருள் 50 செ.மீ. தொலைவில் இருக்கும்போது புரொஜெக்டர் ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.1 பாகை திரும்பினால், அது வீழ்த்தும் கோடு ஏறத்தாழ 0.9 மி.மீ. பக்கவாட்டில் நகரும். கேமராவுக்கும் புரொஜெக்டருக்கும் இடையே 25 பாகைக் கோணம் இருந்தால், அந்தப் பக்கவாட்டு நகர்வை மென்பொருள் ஆழத்தில் சுமார் 2 மி.மீ. பிசகாகப் புரிந்துகொள்ளும். 0.1 பாகை என்பது கண்ணுக்குத் தெரியாத அளவு. எச்.டி.எம்.ஐ. கேபிளை ஒருமுறை இழுத்தாலோ, மெனுவைக் கொண்டுவருவதற்கு மேலே உள்ள பொத்தானை விரலால் அழுத்தினாலோ, புரொஜெக்டரின் சூட்டில் பிளைவுட் சற்று நெகிழ்ந்தாலோ அவ்வளவு திரும்பிவிடும். உங்கள் பிசகுக்கு இவற்றுள் எது காரணம் என்று தேடுவதைவிட, இவை எதுவும் நேர முடியாத ஓர் அமைப்பைச் செய்துவிடுவது எளிது.

ஆகவே புரொஜெக்டரும் கேமராவும் ஒரே உடலாக இருக்க வேண்டும். தராசை எந்தக் கையில் பிடித்தாலும் எடை மாறுவதில்லை. தராசுக்கோல் வளைந்தால் மாறிவிடும். அதுபோல, இரண்டையும் ஒரே பட்டையில் இறுக்கிவிட்டால் அந்தப் பட்டையை முக்காலியில் வைக்கலாம், சுவரில் மாட்டலாம், தேரின் அடித்தட்டுக்குக்கூடத் தூக்கிக்கொண்டு போகலாம், கேலிபிரேஷன் கெடாது. இரண்டையும் தனித்தனி நிலைகளில் வைப்பது பல ஆயிரம் ரூபாய்க்குக் கேமரா வாங்கியவர்களும் செய்யும் பிழை என்பதால் நீங்கள் வருந்த வேண்டியதில்லை. நானும் முதல் மூன்று மாதங்கள் அப்படித்தான் வைத்திருந்தேன்.

கூரையில் மாட்டும் பிராக்கெட் வேண்டாம். அது திரைப்படம் பார்ப்பதற்கானது. நீண்ட குழாயின் நுனியில், எல்லாப் பக்கமும் திரும்பக்கூடிய மூட்டு ஒன்றில் புரொஜெக்டர் தொங்கும். மின்விசிறி ஓடினால் ஊசலாடும். உங்கள் பட்டறை ஓட்டுக்கூரையாக இருந்தால் காற்றடிக்கும்போது கைமரத்தோடு சேர்ந்து அசையும். திரையில் படம் ஒரு மில்லிமீட்டர் ஆடினால் பார்ப்பவருக்குத் தெரியாது, உங்கள் யாளிக்குத் தெரியும். போட்டோக்காரர்களின் பந்துமூட்டுத் தலையும் வேண்டாம். எவ்வளவு இறுக்கினாலும் ஒன்றரைக் கிலோ புரொஜெக்டரைத் தாங்கிக்கொண்டு மணிக்கணக்கில் அசையாமல் நிற்பது அதற்குக் கடினம்.

பட்டைக்கு, கதவு ஜன்னல் செய்யும் அலுமினியக் கடையில் 2 அங்குலத்துக்கு 1 அங்குல செவ்வகக் குழாயில் தடித்த சுவர் கொண்டதாக ஒன்றரை அடித் துண்டு கேளுங்கள். தட்டையான பட்டையைவிடக் குழாய் முறுக்குக்கு நன்றாகத் தாங்கும். முறுக்குத்தான் இங்கே முதல் எதிரி. புரொஜெக்டருக்கு அடியில் 6 மி.மீ. தகடு ஒன்று. பெரும்பாலான புரொஜெக்டர்களின் அடிப்பக்கத்தில், கூரையில் மாட்டுவதற்கென்றே மூன்று அல்லது நான்கு திருகுதுளைகள் இருக்கும். அவை பலவற்றில் எம்4 அளவு. நான்கு இருந்தாலும் மூன்றை மட்டும் பயன்படுத்துங்கள். மூன்று கல் வைத்த அடுப்பு எந்தத் தரையிலும் ஆடாது. நான்கு கால் உள்ளது பெரும்பாலும் ஆடும். நான்காவது திருகை இறுக்கும்போது தகடு வளைந்து புரொஜெக்டரின் பிளாஸ்டிக் உடலையும் சேர்த்து வளைக்கிறது. பிறகு சூடேறும்போது அந்த இறுக்கம் மெல்ல விலகி, கோணமும் மாறுகிறது.

திருகின் நீளத்தில் கவனம் வேண்டும். துளைக்குள் ஓர் ஈர்க்குச்சியை விட்டு, விளிம்பில் நகத்தால் அடையாளம் செய்து, ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். அந்த ஆழத்தில் 1 மி.மீ. கழித்து, தகட்டின் தடிமனையும் வாஷரையும் கூட்டினால் வருவதே திருகின் நீளம். அதைவிட நீளமான திருகை ஏற்றி உள்ளே இருந்த சர்க்யூட் பலகையைத் துளைத்துவிட்ட ஒரு பழைய புரொஜெக்டர் என் அலமாரியில் இன்னும் இருக்கிறது. கையடக்கப் புரொஜெக்டர்களில் இத்தகைய துளைகள் இல்லாமல், முக்காலிக்கான கால் அங்குலத் துளை ஒன்று மட்டும் இருக்கலாம். ஒற்றைத் திருகைச் சுற்றி உடல் திரும்பிவிடும் என்பதால், பின்விளிம்பிலும் பக்கவிளிம்பிலும் சிறு ஆங்கிள் துண்டுகளை முட்டாக வைத்து, உடல் அவற்றில் அழுந்தி நிற்கும்படி திருகை இறுக்க வேண்டும்.

புரொஜெக்டரின் விசிறி அதிர்கிறதே என்று, அதற்கும் தகட்டுக்கும் நடுவே ரப்பர் வைக்கச் சொல்பவர்கள் உண்டு. எங்கள் பக்கத்தில் ரப்பருக்குப் பஞ்சமில்லை; ஆனாலும் அந்த இடத்தில் வைக்காதீர்கள். ரப்பர் சுமையின் கீழ் மெல்ல மெல்ல அமுங்கிக்கொண்டே இருக்கும். அதிர்வைத் தடுக்க விரும்பினால், பட்டை முழுவதற்கும் கீழே, முக்காலிக்கும் தரைக்கும் நடுவே வையுங்கள். அங்கே அமுங்கினால் புரொஜெக்டரும் கேமராவும் சேர்ந்தே இறங்கும், கேடில்லை. விசிறியின் சூடான காற்று வெளியேறும் பக்கத்தில் கேமராவை வைக்கக் கூடாது. லென்சுக்கு முன்னால் சூட்டுக்காற்று எழுந்தால் வெயிலில் தார்ச்சாலை மேல் தெரிவதுபோலப் படம் அலையும். கேபிளைப் பட்டையோடு சேர்த்து ஒரு கட்டுக் கட்டி, அதற்கப்பால் தளர்வாக விடுங்கள். பொத்தான்களைத் தொடாமல் ரிமோட்டையே பயன்படுத்துங்கள்.

இடைவெளியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கேமராவும் புரொஜெக்டரும் பொருளில் சந்திக்கும் கோணம் 20 முதல் 30 பாகைக்குள் இருப்பது நல்லது. இரண்டும் பொருளிலிருந்து 50 செ.மீ. தொலைவில் இருந்தால், 20 பாகைக்கு இடைவெளி 17 செ.மீ., 25 பாகைக்கு ஏறக்குறைய 22 செ.மீ., 30 பாகைக்கு 26 செ.மீ. கோணம் குறைந்தால் ஆழத்தின் துல்லியம் குறையும். கோணம் கூடினால் துல்லியம் கூடும் என்பது உண்மையே; ஆனால் யாளியின் திறந்த வாய்க்குள்ளும் தந்தத்தின் பின்புறத்திலும் புரொஜெக்டரின் ஒளி படும் இடத்தைக் கேமரா பார்க்காது, கேமரா பார்க்கும் இடத்தில் ஒளி படாது. ஆழமாகக் குடைந்த உங்கள் வேலைக்கு நான் 20 பாகையையே தேர்ந்தெடுப்பேன். கொஞ்சம் துல்லியத்தை இழந்து, ஓட்டைகள் குறைவான உருவத்தைப் பெறலாம். தட்டையான புடைப்புச் சிற்பத்துக்கு 30 வரை போகலாம்.

இனித் தலைகீழ் விவகாரம். பெரும்பாலான வீட்டுப் புரொஜெக்டர்கள் லென்சுக்கு நேர் எதிரே படத்தை வீழ்த்துவதில்லை. மேசையில் வைத்தால் படம் மேல்நோக்கி ஏறி விழும்படி, லென்சுக்கும் உள்ளிருக்கும் படச்சில்லுக்கும் இடையே ஒரு விலகலை வைத்தே செய்கிறார்கள். படத்தின் அடிவிளிம்பு லென்சின் உயரத்தில் இருக்கும். தலைகீழாக மாட்டினால் மேல்விளிம்பு அங்கே வரும். எந்த நிலையில் மாட்டினாலும் கணக்கு கெடாது, படம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது மட்டுமே மாறும். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஒன்று, படம் சரிவகமாக விழுகிறதே என்று கீஸ்டோன் திருத்தத்தைப் போடாதீர்கள். தானாகச் சரிசெய்யும் வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். அது ஒளியைத் திருத்துவதில்லை. படத்தைக் கணினிபோல் நசுக்கி மறுபடி வரைகிறது. உங்கள் மென்பொருள் அனுப்பும் கோடு ஒரு புள்ளி அகலம் என்றால், கீஸ்டோன் அதை இரண்டு புள்ளிகளுக்கு நடுவே சாம்பலாக இழுகிவிடும். இரண்டாவது, கேலிபிரேஷன் மென்பொருளில் புரொஜெக்டரின் ஒளிமையம் (லென்சுக்கு நேர் எதிரே விழும் புள்ளி) படத்தின் நடுவில் இருப்பதாக எடுத்துக்கொள்ளும் தெரிவு இருந்தால் அதை நீக்குங்கள். மேலே சொன்ன விலகலால் அந்த மையம் படத்தின் விளிம்புக்கே போய்விடுகிறது. சதுரக்கட்டப் பலகையைப் பல கோணங்களில் படமெடுத்துக் கேமராவை அளவிடும் முறையைக் கணினிப் பார்வை ஆய்வாளர் செங்யோ ஜாங் 2000-இல் வெளியிட்டார். அதே பலகையின் மேல் கோடுகளை வீழ்த்திப் புரொஜெக்டரையும் அளவிடும் எளிய முறையை மொரேனோ, டாபின் ஆகிய இருவர் 2012-இல் வெளியிட்டனர். இரண்டாவது முறையைப் பின்பற்றும் மென்பொருளில் இந்த மையம் அளந்தே கண்டறியப்படும்.

இந்த விலகலைப் பகையாகக் கருதாமல் வேலைக்கும் வைத்துக்கொள்ளலாம். தொலைவை 1.2 என்னும் எண்ணால் வகுத்தால் வருவது படத்தின் அகலம் என்கிற வகைப் புரொஜெக்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 50 செ.மீ. தொலைவில் அதன் படம் சுமார் 42 செ.மீ. அகலமும் 23 செ.மீ. உயரமும் இருக்கும், அடிவிளிம்பு லென்சின் மட்டத்தில் இருப்பதால் படத்தின் நடு ஏறக்குறைய 13 பாகை மேலே போகிறது. இப்போது அந்தப் புரொஜெக்டரைப் பக்கவாட்டில், அதன் மேல்பக்கம் கேமராவை நோக்கும்படி சாய்த்து நிறுத்திப் பொருத்தினால், படம் தானாகவே கேமராவின் பக்கம் 13 பாகை ஒதுங்கி விழும். மீதமுள்ள சில பாகைகளுக்கு மட்டும் கேமராவைத் திருப்பினால் போதும். அப்போது படமும் பக்கவாட்டில் திரும்பிவிடுவதால், மென்பொருளில் நெடுங்கோடுகளுக்குப் பதிலாகக் கிடைக்கோடுகளைத் தெரிவுசெய்ய வேண்டும். கோடுகள் எப்போதும் கேமராவையும் புரொஜெக்டரையும் இணைக்கும் பட்டைக்குக் குறுக்காக இருக்க வேண்டும் என்பதே விதி. எல்.இ.டி. விளக்குள்ள புரொஜெக்டர்களை மட்டும் இப்படி நிறுத்துங்கள், காற்றுத்துளைகள் தகட்டில் அடைபடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். பாதரச விளக்குள்ள பழைய புரொஜெக்டர்களைப் பக்கவாட்டில் நிறுத்தினால் சூடு தவறான இடத்தில் தேங்கும்.

எல்லாம் இறுக்கிய பிறகு ஒரு சோதனை. பட்டையைக் கனமான தச்சு மேசையில் அசையாமல் பிடிப்பித்து, 2 மீட்டர் தொலைவில் உள்ள சுவரில் ஒரு காகிதம் ஒட்டி, ஒரு கூட்டல் குறியை வீழ்த்திப் பென்சிலால் அடையாளம் செய்யுங்கள். புரொஜெக்டரை இயக்கி 10, 20, 30 நிமிடங்கள் கழித்துக் குறி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அந்தத் தொலைவில் 0.1 பாகை திருப்பம் 3.5 மி.மீ. நகர்வாகத் தெரியும், அளவுகோலே போதும். முதல் அரைமணியில் சிறிது நகர்ந்து பிறகு நின்றுவிட்டால் அது சூடேறுவதன் விளைவு, அதன்பின் கேலிபிரேஷன் செய்யுங்கள். நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்தால் ஏதோ ஒரு திருகு தளர்ந்திருக்கிறது. பட்டையின் மேல் கைமுட்டியால் மெல்லத் தட்டிவிட்டும் பாருங்கள். குறி நடுங்கிவிட்டுப் பழைய இடத்துக்கே வர வேண்டும். குவியத்தை (ஃபோகஸை) நிலைப்படுத்துவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். பிறகு பொருளின் தொலைவுக்குக் குவியத்தைத் திருப்பி, புரொஜெக்டரின் வளையத்தையும் கேமராவின் வளையத்தையும் டேப்பால் ஒட்டிவிடுங்கள். கேமராவில் தானியங்கிக் குவியம் அணைந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆயினும் கடிதங்களைப் பார்த்தால் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

செங்கோட்டை வாசகர்: அலுமினியத்துக்குப் பதிலாக நல்ல தேக்குச் சட்டத்தைப் பயன்படுத்தலாமா? குற்றாலச் சாரல் காலத்தில் எங்கள் வீட்டுக் கதவுகளே அடைய மறுக்கின்றன.

பதில்: உங்கள் கதவு விடையைச் சொல்லிவிட்டது. மரம் ஈரத்தை உறிஞ்சினால் அகலத்தில் உப்புகிறது. ரேகை ஓடும் நீளவாட்டில் மிகச் சொற்பமாகவே மாறுகிறது. ஆகவே கதவின் பலகை சட்டத்தில் இறுகும், ஆனால் கதவு உயரத்தில் வளர்வதில்லை. புரொஜெக்டருக்கும் கேமராவுக்கும் இடைப்பட்ட தூரம் ரேகையின் நீளவாட்டில் அமையுமாறு சட்டத்தை எடுத்தால் நீளம் பற்றிய கவலை இல்லை. வெப்பத்தால் நீள்வதில் மரம் அலுமினியத்தைவிட மேலானது என்றே சொல்லலாம்: 30 செ.மீ. அலுமினியம் 10 பாகை செல்சியஸ் சூடேறினால் 0.07 மி.மீ. நீளும், மரம் அதில் ஒரு சிறு பங்கே நீளும். மரத்தின் குறை வளைவதிலும் முறுக்குவதிலும் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் வார்னிஷ் அடித்த பலகை, அடிக்காத பக்கத்தில் ஈரம் ஏறி வில்லாக வளையும். நன்றாக உலர்ந்த, நேர்ரேகையுள்ள, குறைந்தது இரண்டு அங்குலச் சதுரச் சட்டமாக எடுத்து, வெட்டுமுனைகள் இரண்டையும் சேர்த்து ஆறு பக்கமும் பூசுங்கள். புரொஜெக்டர் உட்காரும் இடத்தில் மட்டும் உலோகத் தகடு இருக்கட்டும். மரத்தில் நேராகப் பதித்த திருகு, சாரலில் இறுகி வெயிலில் தளரும். ஆனி, ஆடி மாதங்களில் ஒவ்வொரு நாளும் வேலையைத் தொடங்குமுன் கேலிபிரேஷன் செய்துவிடுங்கள். பிளைவுட் வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை வாசகர்: என் புரொஜெக்டரில் 1 மீட்டருக்கு உள்ளே குவியம் கிடைப்பதில்லை. நான் அளக்க விரும்புபவை உள்ளங்கை அளவுள்ள பித்தளை விளக்குப் பாவைகள். புரொஜெக்டரைத் தள்ளி வைத்தால் கோடுகள் தடித்துவிடுகின்றன.

பதில்: லென்சுக்கு முன்னால் ஒரு பிளஸ் பவர் கண்ணாடியைப் பொருத்துங்கள். கணக்கு எளியது: 1 மீட்டரில் குவியும் புரொஜெக்டரின் முன் பிளஸ் 1 வைத்தால் 50 செ.மீ.-இலும், பிளஸ் 2 வைத்தால் 33 செ.மீ.-இலும் குவியும். மூக்குக்கண்ணாடிக் கடையில் கிடைக்கும் வெட்டாத வட்டக் கண்ணாடியே தொடங்குவதற்குப் போதும். போட்டோக் கடைகளில் கிடைக்கும் குளோசப் ஃபில்டர் இன்னும் வசதி, ஏனெனில் அதற்கு உலோக வளையம் உண்டு. எது வாங்கினாலும் அதைப் புரொஜெக்டரின் உடலோடு சேர்த்து இறுக்க வேண்டும். தனிக் கம்பியில் நிறுத்தினால் அதுவும் ஓர் ஆடும் உறுப்பாகிவிடும். கண்ணாடியின் நடுவும் புரொஜெக்டர் லென்சின் நடுவும் ஒன்றாக இருக்கட்டும். பொருத்தியபின் பழைய கேலிபிரேஷன் செல்லாது.

ஒற்றைக் கண்ணாடியில் வெள்ளைக் கோட்டின் ஓரங்களில் நீலமும் சிவப்பும் பிரிந்து தெரியும். கோடுகளைப் பச்சை நிறத்தில் மட்டும் வீழ்த்தினால் அந்தத் தொல்லை பெரும்பாலும் நீங்கிவிடும். கேலிபிரேஷனையும் அதே பச்சையில் செய்யுங்கள். வெளிச்சம் குறையுமே என்று அஞ்ச வேண்டாம், இவ்வளவு அருகில் எந்தப் புரொஜெக்டரும் தேவைக்கு மேல் வெளிச்சமாகத்தான் இருக்கும். பித்தளையின் பளபளப்புக்கு அடுத்த பதிலைப் பாருங்கள்.

மயிலாடி வாசகர்: மெருகேற்றிய கருங்கல் சிலையில் கோடுகள் ஒரு பக்கம் மறைந்தும் ஒரு பக்கம் கண்ணைப் பறித்தும் தெரிகின்றன. புரொஜெக்டரின் கோணத்தை மாற்றினால் போதுமா, திருநீறு பூச வேண்டுமா?

பதில்: உளிக்கொத்து அப்படியே இருக்கும் கல்லுக்கு எதுவுமே தேவையில்லை, இந்த முறைக்கு அதைவிட நல்ல பொருள் கிடைக்காது. மெருகேற்றிய கல் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. கோணத்தை மாற்றினால் பளபளப்பு இடம் மாறுமே ஒழிய மறையாது. ஆகவே புரொஜெக்டரும் கேமராவும் இருக்கும் பட்டையை அப்படியே வைத்துக்கொண்டு, சிலையை ஒரு சுழலும் திருகுபலகையில் 20 அல்லது 30 பாகைகளாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் எடுத்து, பளபளத்த பகுதிகளை மற்ற நிலைகளிலிருந்து நிரப்பிக்கொள்ளுங்கள். திருநீறு பரல்பரலாக நிற்கும், மென்மையான உருவத்தில் அம்மைத் தழும்புபோல் பதிவாகும். விற்பனைக்குச் செய்த சிலை என்றால், முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரை மென்மையான தூரிகையால் மிக மெல்லியதாகத் தூவி, பிறகு துடைத்துவிடலாம். வழிபாட்டில் இருக்கும் திருமேனியில் எதையும் பூச வேண்டாம். அங்கே, புரொஜெக்டரின் முன் ஒரு போலராய்டு தாளும் கேமராவின் முன் அதற்குக் குறுக்காகத் திருப்பிய இன்னொரு போலராய்டும் வைத்தால் கல்லின் பளபளப்பு வெகுவாக அடங்கும். வெளிச்சம் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுவதால் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும். உலோகத்தில் இந்த உத்தி பலிப்பதில்லை. பித்தளைக்குப் பவுடரும் திருகுபலகையுமே வழி.

மார்த்தாண்டம் வாசகர்: பட்டையில் எல்லாம் இறுக்கமாகவே இருக்கிறது. ஆனால் எடுத்த படங்களில் வெள்ளைப் பகுதியின் குறுக்கே சிவப்பு, பச்சைப் பட்டைகள் ஓடுகின்றன. ஒரே பொருளை இரண்டு முறை எடுத்தால் இரண்டு விதமாக வருகிறது.

பதில்: உங்களுடையது ஒற்றைச் சில்லு டி.எல்.பி. புரொஜெக்டர் என்று தெரிகிறது. நுண்ணிய கண்ணாடிகள் லட்சக்கணக்கில் அசையும் அந்தச் சில்லை 1987-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் லாரி ஹார்ன்பெக் உருவாக்கினார். அது சிவப்பு, பச்சை, நீலப் படங்களை ஒரே சமயத்தில் காட்டுவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக மிக வேகமாகக் காட்ட, நம் கண் அவற்றைச் சேர்த்து வெள்ளையாகக் காண்கிறது. கேமரா அந்தச் சுற்றின் நடுவில் மூடிக்கொண்டால் அரைகுறையான நிறம் பதிவாகும். புரொஜெக்டர் விநாடிக்கு 60 படம் காட்டினால், கேமராவின் நேரம் 1/60 விநாடியின் முழு மடங்காக இருக்க வேண்டும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பட்டறையில் எரியும் மின்விளக்குகள் பல விநாடிக்கு 100 முறை மினுங்குகின்றன. இரண்டுக்கும் ஒருசேரப் பொருந்தும் நேரம் 1/20 விநாடி: அதற்குள் புரொஜெக்டரின் மூன்று படங்களும் விளக்கின் ஐந்து மினுக்கங்களும் முழுமையாக அடங்கும். அதில் படம் வெளிறிப்போனால் லென்சின் துவாரத்தைக் குறையுங்கள், நேரத்தைக் குறைக்காதீர்கள்.

இவ்வளவு மெதுவாக எடுக்கும்போது அசையாமை இன்னும் முக்கியமாகிறது. 1280 நெடுவரிசைகளை, கருப்பு வெள்ளைக் கோலங்களால் ஒவ்வொரு வரிசைக்கும் தனி அடையாளம் தரும் கிரே குறியீட்டால் பிரித்தறிய 11 கோலங்கள் வேண்டும், 720 கிடைவரிசைகளுக்கு 10. ஒவ்வொன்றுக்கும் கருப்பு வெள்ளை மாற்றிய எதிர்க்கோலம் ஒன்று, முழு வெள்ளையும் முழுக் கருப்பும் ஒவ்வொன்று, ஆக 44 படங்கள். படத்துக்கு ஒரு விநாடி என்றாலும் ஏறக்குறைய முக்கால் நிமிடம் பொருளும் பட்டையும் ஒன்றுக்கொன்று அசையாமல் நிற்க வேண்டும். உங்கள் கடை நெடுஞ்சாலையை ஒட்டியது என்று எழுதியிருக்கிறீர்கள். களியக்காவிளைப் பக்கம் போகும் பாரவண்டிகள் ஓயும் இரவு நேரத்தில் எடுத்துப் பாருங்கள். இருட்டும் சேர்ந்து கிடைக்கும்.

நாகர்கோவில் வாசகர்: பத்மநாபபுரம் அரண்மனையின் மரவேலைப்பாடுகளை இந்தக் கருவியால் பதிவு செய்ய ஆசை. கருவியைத் தூக்கிக்கொண்டு போனால் கேலிபிரேஷன் நிற்குமா? அனுமதி யாரிடம் கேட்பது?

பதில்: அரண்மனை இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில், நிர்வகிப்பது கேரள அரசின் தொல்லியல் துறை. ஆகவே அவர்களிடம்தான் எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும், முக்காலியும் விளக்கும் கொண்டுவருவதை விண்ணப்பத்திலேயே குறிப்பிட்டுவிடுங்கள். கேலிபிரேஷனைப் பொறுத்தவரை, பட்டை எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும் பேருந்தில் ஏறி இறங்கிய பிறகு அதை நம்ப வேண்டாம். சதுரக்கட்டத் தாளை அட்டையில் ஒட்டாமல் 5 மி.மீ. கண்ணாடியில் ஒட்டி, துணியில் சுற்றி உடன் எடுத்துச் செல்லுங்கள்; போன இடத்தில் கருவியை அரைமணி நேரம் சூடேறவிட்டு, அங்கேயே ஒருமுறை கேலிபிரேஷன் செய்தபின் வேலையைத் தொடங்குங்கள். மின்சாரத்துக்கு ஒரு சிறு யு.பி.எஸ். இருக்கட்டும், 44 படங்களில் 40-ஆவது எடுக்கும்போது புரொஜெக்டர் அணைந்தால் முதலிலிருந்து எடுக்க வேண்டியதோடு, அது மறுபடி சூடேறும் அரைமணியையும் காத்திருக்க நேரும்.